பின்காற்றின் கணக்கு

ஜனவரி மாதம், காலை ஆறே முக்கால் மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி ஓர் ஓரமாக மேசை போட்டு எங்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சைக்கிள் டைம் டிரையல் என்பது கூட்டமாகப் புறப்படும் பந்தயம் இல்லை. நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. தெற்கே 20 கிலோமீட்டர் போய், மாமல்லபுரம் தாண்டி யூ டர்ன் அடித்து, அதே சாலையில் 20 கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

எனக்கு அதுதான் முதல் போட்டி. அப்போது வயது 39. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, பள்ளிக்குப் போகும் மகள், திருவான்மியூரில் வீடு. மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் கடைசி ஒன்றரை வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அலுமினிய ரோடு பைக். ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் ஓர் இலக்கு வைத்திருந்தேன்.

புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே உடம்பு காற்றாக இருந்தது. ஹாண்டில்பாரில் மாட்டியிருந்த சின்ன கம்ப்யூட்டர் 35, 36, சில இடங்களில் 38 என்று காட்டியது. தனியாக ஓட்டும்போது அந்த எண்களை நான் பார்த்ததே இல்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டும்போது ஒருவரை முந்தினேன். 12ஆவது கிலோமீட்டரில், எனக்கு இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பியிருந்த ஒரு பெரியவரை முந்தினேன். நரைத்த மீசை, பழைய ஸ்டீல் சைக்கிள், நிதானமான மிதி. அவரைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு மகிழ்ச்சி. ஆறு மாதம் அதிகாலையில் எழுந்த பலன் இன்று கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். யூ டர்ன் வந்தபோது 33 நிமிடம் 20 விநாடி ஆகியிருந்தது. மனக்கணக்கு போட்டேன்: ஒரு மணி ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

சைக்கிளைத் திருப்பி முகத்தை வடக்கே வைத்தேன். காதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. அதுவரை அந்தச் சத்தம் இல்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. சாலையோரத்துச் சவுக்கு நுனிகளெல்லாம் என் பக்கமாகவே அசைந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் 29 என்றது, பிறகு 27, 25. தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. பட்டிபுலம் பக்கம் 22 வரை இறங்கிவிட்டது. முடிக்க இன்னும் 15 கிலோமீட்டர் இருந்தபோது அந்தப் பெரியவர் என் வலது பக்கமாகக் கடந்து போனார். அதே மிதி, அதே நிதானம். போகும்போது எப்படி ஓட்டினாரோ அப்படியேதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் என்னைக் கடந்தார்கள்.

திரும்பிய 20 கிலோமீட்டருக்கு சரியாக 50 நிமிடம். மொத்தம் 1 மணி 23 நிமிடம் 20 விநாடி. கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

பக்கத்து டீக்கடையில் அந்தப் பெரியவரும் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 62 என்று பிறகு தெரிந்தது. என்னைவிட இரண்டு நிமிடம் குறைவாக முடித்திருந்தார். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு வாடைம்மா. போகும்போது அது நம்மளைத் தள்ளிட்டுப் போச்சு. நீங்க தள்ளினதா நினைச்சிட்டீங்க."

அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இங்கே எழுதப்போவது எல்லாம் அதன் விளக்கம்தான்.

முதலில் அதன் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் வீட்டுக்கு வந்து நான் முதலில் செய்ததும் அதுதான். அன்று சைக்கிள் ஓட்டுகிறவரின் உயரத்தில் காற்று மணிக்கு 8 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய காற்று இல்லை, காயப்போட்ட துணி லேசாக ஆடும், அவ்வளவுதான். போகும்போது என் வேகம் 36. காற்றும் அதே திசையில் வந்ததால் என் உடம்பு எதிர்கொண்ட காற்று 28தான். திரும்பும்போது என் வேகம் 24. ஆனால் உடம்பு எதிர்கொண்டது 32. மெதுவாகப் போன பாதியில்தான் அதிகக் காற்றைக் கிழித்திருக்கிறேன். சமதளத்தில் ஓட்டுகிறவருடைய பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. அந்தத் தடையும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது காற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. போகும்போது 36, வரும்போது 24 என்றால் சராசரி 30 என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் 28.8தான் வரும். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அந்தப் பாதியின் எடை அதிகம். பின்காற்று கொடுத்ததைவிட எதிர்காற்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும். எனவே இப்படிப் போய்த் திரும்பும் பாதையில், பின்காற்றில் ஒரு படி அடக்கி ஓட்டிவிட்டு, மிச்சம் பிடித்ததை எதிர்காற்றில் செலவழிக்க வேண்டும். அந்தப் பெரியவர் செய்தது இதுதான். நான் நேர்மாறாகச் செய்திருந்தேன்.

இதில் என்னை உலுக்கியது பௌதிகம் இல்லை. 33 நிமிடம் என் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது, ஒரு நொடிகூட எனக்குத் தெரியவில்லை. எதிர்காற்று வந்த மறுநொடியே தெரிந்துவிட்டது. காதில் சத்தம் போட்டது, கண்ணில் நீர் வரவழைத்தது. பின்காற்றுக்குச் சத்தமே கிடையாது. நம் வேகத்துக்குச் சமமாக வந்தால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும். அந்த அமைதியைத்தான் நான் என் பலம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், கோடு போட்டு எழுதினால்தான் எனக்கு ஒன்று புரியும். தேதி, தூரம், நேரம் என்று எல்லோரும் எழுதுவதுதான். அதோடு நான் மூன்று பத்திகள் சேர்த்தேன். காற்று எந்தப் பக்கம், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், யாருடன் ஓட்டினேன். வானிலையைப் போனில் பார்ப்பதோடு, கிளம்பும்போது கடலோரத்துக் கொடியையோ மரத்தையோ ஒரு நிமிடம் நின்று பார்த்துவிடுவேன். சென்னைப் பக்கம் மழைக்காலம் தொட்டு தை வரை பெரும்பாலும் வாடை. ஆனி, ஆடியில் காலை நேரத்தில் தெற்கும் மேற்கும் கலந்து வரும். அப்போது மாமல்லபுரம் போவது சிரமம், திரும்புவது சுகம்.

நான்கு மாதம் எழுதியபின் புரட்டிப் பார்த்தேன். நான் 'நன்றாக ஓட்டிய நாள்' என்று நட்சத்திரம் போட்டிருந்தவற்றில் பாதிக்குமேல் பின்காற்று நாட்கள், அல்லது பத்துப் பேரோடு கூட்டமாக ஓட்டிய நாட்கள். அதே சமயம், 'எனக்கு இது சரிப்படாது, விட்டுவிடலாம்' என்று எழுதியிருந்த ஒரு நாளைப் பார்த்தேன். நல்ல எதிர்காற்று, ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், முந்தின நாள் கணக்கு முடிப்பு. ஆனாலும் இதயத் துடிப்பு சீராக இருந்திருக்கிறது, கடைசி வரை விடாமல் மிதித்திருக்கிறேன். உண்மையில் அந்த மாதத்தின் மிக நல்ல சவாரி அதுதான். அதைத்தான் தோல்வி என்று எழுதி வைத்திருந்தேன். அன்று அந்தப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

புதிதாகப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். விலை உயர்ந்த சக்கரமும், மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேகம் மட்டும் எழுதி வைத்தால் அது உங்களை ஒன்று தூக்கி வைக்கும், இல்லை போட்டு மிதிக்கும். இரண்டுமே தவறான கணக்கு. காற்றையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

கூட்டமாக ஓட்டுவதைச் சொன்னேன். சனி, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எங்கள் குழு கிளம்பும். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். "அக்கா, வீலப் பிடிச்சுக்கோங்க!" என்று கத்துவார்கள். முன்சக்கரத்தை அவர்களுடைய பின்சக்கரத்துக்கு ஓர் அடி, இரண்டு அடி தூரத்தில் வைத்துக்கொண்டு போனால், காற்றை அவர்கள் உடைப்பார்கள், நமக்கு உழைப்பு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். நான் ஒரு வருடம் முழுக்க அப்படிப் பின்னாலேயே உட்கார்ந்து 33, 34 என்று சராசரி எடுத்துவிட்டு, நான் 33இல் ஓட்டுகிறவள் என்று நம்பியிருந்தேன். தனியாகப் போனால் 27.

பின்னால் உட்காருவது தவறு என்று சொல்லவில்லை. சாலைப் பந்தயமே அந்தக் கூட்டுறவில்தான் நடக்கிறது. ஆனால் நோட்டு எழுத ஆரம்பித்தபின் நானும் முன்னால் போக ஆரம்பித்தேன். முதலில் முப்பது விநாடி, பிறகு ஒரு நிமிடம். முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது, வந்த வேகத்திலேயே இழுக்க வேண்டும். சாலையில் குழி இருந்தால் கையைக் காட்டிக் "குழி!" என்று கத்த வேண்டும். களைப்பதற்கு முன்பே ஒதுங்கிப் பின்னால் போய்விட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இன்னும் பத்து விநாடி, இன்னும் பத்து விநாடி என்று முன்னால் நின்று, ஒதுங்கும்போது கூட்டத்தின் கடைசிச் சக்கரத்தைப் பிடிக்கத் தெம்பில்லாமல் தனியாக விடப்பட்ட நாட்கள் உண்டு. பிறருக்குச் செய்வதிலும் அளவு தெரிய வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

பெரிய வீரர்களும் காற்றைத் தேடிப் போனவர்கள்தான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்று ஒரு சாதனை உண்டு. 1972இல் எடி மெர்க்ஸும் 1984இல் பிரான்செஸ்கோ மோசரும் அதற்காக மெக்சிகோ சிட்டிக்குப் போனார்கள். கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே காற்று மெல்லிசு, தடை குறைவு. மோசர் 51.151 கிலோமீட்டர் போனார். 1993இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஓப்ரீ, தானே வடிவமைத்துச் செய்த சைக்கிளோடு நார்வேயின் ஹாமருக்குப் போனார். அங்கே மெல்லிசுக் காற்றின் உதவி கிடையாது. முதல் நாள் முயன்று தோற்றார். மறுநாள் காலையே மறுபடி வந்து 51.596 கிலோமீட்டர் போய் அதை முறியடித்தார். ஒரு வாரத்துக்குள் கிறிஸ் போர்ட்மேன் அதையும் தாண்டிவிட்டார். ஆனாலும் தோற்ற மறுநாள் காலையில் அதே ஓடுதளத்தில் வந்து நின்ற அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

காற்று பொய் சொல்ல முடியாத ஓர் இடம் வேண்டும் என்றால் மலைக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவு, அதனால் காற்றின் பங்கும் குறைவு. உங்கள் எடை, உங்கள் மூச்சு, புவியீர்ப்பு, இவ்வளவுதான் கணக்கில் வரும். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஏலகிரி. பொன்னேரியில் ஆரம்பித்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, கபிலர், ஔவையார் என்று வள்ளல்களின் பெயரும் புலவர்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். மலை ஏறுகிறவர்களுக்கு அந்தப் பலகைகள் பெரிய ஆறுதல்.

முதல் தடவை குழுவில் இருந்த ஒரு தம்பியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஏறினேன். அவனுக்கு வயது 24, எடையில் என்னைவிட எட்டு கிலோ குறைவு. ஆறாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, காலை ஊன்றிவிட்டேன். குரங்குகள் உட்கார்ந்திருந்த சுவரில் நானும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது தடவை போனபோது ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதல் ஐந்து வளைவு வரை ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும். சொல்லிப் பார்க்க எனக்கு ஆத்திசூடி கைகொடுத்தது. 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று இரண்டு வரி சேர்ந்தாற்போல் வந்தால் சரி, ஒரு வரியிலேயே மூச்சு உடைந்தால் கியரைக் குறைத்துவிடுவேன். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பதுதான் அந்த மலையில் மிகப் பெரிய வேலை. கால்வலியைவிட அது கடினம். ஒன்பதாவது வளைவுக்குமேல் ஒவ்வொருவராகக் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். நான் வேகத்தைக் கூட்டவில்லை, அவர்கள் குறைந்திருந்தார்கள். அன்று முதல்முறையாகக் கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரையில் நின்றபோது இன்னும் இரண்டு வளைவு இருந்தாலும் ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

அடக்கி ஓட்டுவதைப் பயிற்சியிலும் கொண்டுவந்தேன். முன்பெல்லாம் தினமும் நாக்கு தள்ள ஓட்டினால்தான் ஓட்டிய திருப்தி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினம், மற்ற நாட்கள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் என்று மாற்றினேன். பெரிய வீரர்களின் பயிற்சியிலும் சுமார் ஐந்தில் நான்கு பங்கு மெதுவானதுதான். மெதுவாக ஓட்டும் நாளில் பால்காரர்கூட என்னை முந்திப் போவார். அதைப் பழகிக்கொள்ள மூன்று மாதம் ஆனது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். கடின உழைப்பில் உடம்பின் சர்க்கரைச் சேமிப்பு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். பசித்தபின் சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட சவாரி என்றால் அரைமணிக்கு ஒரு தரம், பசி இருக்கிறதோ இல்லையோ, ஒரு வாழைப்பழமோ நான்கு பேரீச்சம்பழமோ உள்ளே போக வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான கணக்கு, நான் 50இல் நிற்கிறேன். கடலை மிட்டாய் சுவையானது, ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்தது.

எதிர்காற்றில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கியரை ஒன்று குறைத்துக்கொண்டு கால் சுற்றும் வேகத்தைக் காப்பாற்றுங்கள். முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். கம்ப்யூட்டரில் வேகத்தை மறைத்துவிடுங்கள். நான் இப்போது இதயத் துடிப்பை மட்டும்தான் திரையில் வைத்திருக்கிறேன். எதிர்காற்றில் 24 என்ற எண்ணைப் பார்த்தால் மனசு ஒடிந்துவிடும். அந்த 24க்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு என்பதை அந்த எண் காட்டாது.

இதை நினைத்துக்கொண்டே ஒருநாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருந்தாள். சி.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தவறியவள். கோப்பு முடிப்பதில் மெதுவு என்று நானே இரண்டு தடவை குறைப்பட்டிருக்கிறேன். அவள் தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என் கணக்கில் வரவில்லை. நான் அவள் வயதில் அலுவலகத்துக்கு இருபது நிமிட தூரத்தில், அப்பா அம்மா வீட்டில் இருந்தேன். அவளுக்கு ஓடுவது 24, எனக்கு ஓடியது 36, நான் அவளை மெதுவு என்கிறேன். அன்று மாலை நான்கரைக்கே அவளைக் கிளம்பச் சொன்னேன். அடுத்த பரீட்சை வரை வாரம் மூன்று நாள் அப்படி ஏற்பாடு செய்து கொடுத்தோம்.

ஆன்னா கீசன்ஹோஃபர் என்ற சைக்கிள் வீராங்கனையின் கதையை அந்த ரயில்வே பெரியவர்தான் எனக்குச் சொன்னார். ஆஸ்திரியாக்காரர், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். தொழில்முறை அணி எதுவும் இல்லை. பயிற்சித் திட்டத்தையும் சாப்பாட்டுக் கணக்கையும் தானே போட்டுக்கொண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, 137 கிலோமீட்டர் சாலைப் பந்தயம். ஆஸ்திரியாவுக்கு அவர் ஒருவர்தான். நெதர்லாந்துக்கோ உலகின் தலைசிறந்த நான்கு பேர். ஆரம்பக் கோட்டிலேயே சிலரோடு பிரிந்து முன்னால் போனார். முடிக்க 41 கிலோமீட்டர் இருக்கும்போது கூட வந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஜெயித்தார். முன்னால் யார் போகிறார் என்று அணியினர் சொல்வதைக் கேட்க, ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்தவர்களில் பலருக்கு அவர் முன்னால் இருப்பதே தெரியவில்லை. 75 விநாடி கழித்து வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்ளூட்டன், தங்கம் தனக்குத்தான் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ரேடியோ இல்லாதது அவருக்குப் பின்காற்றுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காற்று அடிக்கிற இடத்தில் போய் நிற்க, முதல் மீட்டரிலேயே பிரிந்து போகும் துணிச்சலும், 137 கிலோமீட்டருக்கும் தன் பலத்தைப் பங்கு பிரித்து வைக்கும் பொறுமையும் வேண்டும். காற்றை ஒப்புக்கொண்டால் உழைப்பின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் முன்பு பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை.

சொல்ல வேண்டிய பெரிய விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

நான் நான்கரைக்குக் கிளம்பும் நாட்களில், நாலு மணிக்கு முன்பே சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கும். என் மாமியார். திருநெல்வேலிக்காரர். ராகி மாவை முந்தின இரவே கரைத்து வைத்து, காலையில் காய்ச்சி, மோர் விட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். நான் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து குடித்துவிட்டுப் போவேன். நான் திரும்பும்போது மகள் குளித்து, தலை பின்னி, யூனிஃபார்மில் இருப்பாள். இதெல்லாம் மூன்று நான்கு வருடமாக நடந்தது. நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு ஜூன் மாதம் நாத்தனாரின் பிரசவத்துக்கு அத்தை ஊருக்குப் போனார். இரண்டு மாதம். முதல் வாரம் எப்படியோ சமாளித்தேன். இரண்டாவது வாரம் நான்கு சவாரி இரண்டானது. மூன்றாவது வாரம் ஒன்றுகூட இல்லை. அதிகாலையில் எழுந்தால் மதியம் அலுவலகத்தில் கண் சொருகியது, மகளிடம் எரிந்து விழுந்தேன். மன உறுதி போய்விட்டது, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் காலை நான்கு மணிக்கு இருட்டில் சமையலறையில் நின்றேன். அடுப்பு அணைந்திருந்தது, டம்ளர் அலமாரியில் கவிழ்ந்திருந்தது. அந்த அமைதி எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. யூ டர்னில் கேட்ட சத்தத்துக்கு முந்தைய அமைதி அது.

அன்று இரவு கணவரிடம் நோட்டைக் காட்டிப் பேசினேன். அவர் நிறைய நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். "செவ்வாய், வியாழன் காலை நான் பாத்துக்கறேன். சொல்லியிருந்தா முன்னாடியே பாத்திருப்பேன்" என்றார். சொல்லாதது என் தவறுதான். உதவி கேட்டால் பலவீனம் என்று எங்கேயோ கற்று வைத்திருந்தேன். அத்தை திரும்பி வந்தபின்னும் அந்த இரண்டு நாட்கள் அவருடையவைதான். அத்தை அந்த நாட்களில் ஆறு மணி வரை தூங்குகிறார்.

அடுத்த ஜனவரியில் அதே சாலை, அதே 40 கிலோமீட்டர். காற்று ஏறக்குறைய அதே வாடை. போகும் பாதியில் வேகத்தைத் திரையில் வைக்கவில்லை, இதயத் துடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டேன். நான்கு பேர் என்னை முந்திப் போனார்கள். மனசு துள்ளியது. 'ஆறுவது சினம்' வரை சொல்லிப் பார்த்தேன், வந்தது, அப்படியே போனேன். 34 நிமிடம் 40 விநாடியில் யூ டர்ன். முந்தைய வருடத்தைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம். சைக்கிளைத் திருப்பினேன், காதில் சத்தம் வந்தது. இந்த முறை அதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரு கியர் குறைத்தேன், முழங்கையை மடக்கினேன். காலில் தெம்பு மிச்சம் இருந்தது. பட்டிபுலத்தில் முந்திப் போனவர்களில் ஒருவரைப் பிடித்தேன், திருவிடந்தை வருவதற்குள் மற்ற இருவரை. நான்காவது ஆளைக் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. நல்ல ஓட்டம் அவருடையது.

திரும்பிய பாதி 43 நிமிடம் 50 விநாடி. மொத்தம் 1 மணி 18 நிமிடம் 30 விநாடி. முதலில் வைத்த இலக்கை இன்னும் தொடவில்லை. பெண்கள் பிரிவில் ஒன்பது பேரில் ஐந்தாவதாக வந்தேன். பெரியவர் அந்த வருடம் முழங்கால் வலியால் ஓட்டவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் நேரங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். என் இரண்டு பாதிகளையும் பார்த்துவிட்டு, "இது உங்களோடதும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றார். எத்தனாவது என்று கேட்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "கஞ்சி காணுச்சா? இல்ல அடுத்த தடவை இன்னொரு கரண்டி மாவு சேத்துக் கரைக்கணுமா?" என்றார். இன்னொரு கரண்டி சேர்க்கலாம் அத்தை என்றேன். உள்ளே போய்க் குளிப்பதற்கு முன்பே நோட்டை எடுத்து, நேரத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதினேன்.